பச்சைத் தோல்

போன மார்கழியில் சென்னையில் ஒரு கச்சேரிக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மெயின் உருப்படி முடிந்து தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும், வழக்கம்போல பாதி ஹால் எழுந்து கேன்டீன் பக்கம் நகர்ந்தது. பையன் மட்டும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். 11 வயது, மூன்று வருஷமாக மிருதங்கம் கற்றுக்கொள்கிறான். அவனுக்குக் கச்சேரி அப்போதுதான் தொடங்குகிறது.

வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது கேட்டான். "அப்பா, மிருதங்கத்துக்குத் தோலு ஆம்பூர்ல இருந்துதானே வரும்?"

அவனுக்கு ஆம்பூர் என்றால் தாத்தா ஊர், பிரியாணி, தோல். நானும் யோசிக்காமல், "ஆமாடா, பின்ன? தோல்னா நம்ம ஊருதான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகு ஏதோ உறுத்தியது. இந்தக் கேள்விக்கான பதிலை நான் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன், அது 'ஆமாம்' இல்லை என்று மட்டும் ஞாபகம் வந்தது. அதன் பிறகு இரண்டு மாதமாகக் கிடைத்த நேரத்தில் படித்ததும் விசாரித்ததும்தான் இந்தக் கட்டுரை. ப்ரொடக்ஷனில் தப்பான கோடை ஏற்றிவிட்டால் ஃபிக்ஸ் போடுவோம் இல்லையா, அந்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

திண்ணையில் உட்கார்ந்தவர்

எண்பதுகளின் கடைசியில் ஆம்பூரில் நானும் மிருதங்கம் கற்றுக்கொண்டவன்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சார் வீட்டுக் கூடத்தில் நாலைந்து பசங்கள் பாயில் உட்காருவோம். முதல் ஆறு மாசம் கையில் மிருதங்கமே கிடையாது. தா, தீ, தொம், நம் என்று வாயால் சொல்லி, தொடையில் தட்ட வேண்டும். காலம் இரண்டு, காலம் மூன்று என்று ஏற்றிக்கொண்டே போவார். தப்பினால் முதலிலிருந்து. பாலாற்றுப் பக்கமிருந்து காற்று அடித்தால் தோல் ஷாப்பு வாடை கூடத்துக்குள் வந்துவிடும். ஆம்பூர்க்காரர்களுக்கு டேனரி என்றால் 'தோல் ஷாப்பு'தான். எங்கள் மூக்குக்கு அது பழகிப்போன வாடை. மெட்ராஸிலிருந்து வரும் சொந்தக்காரர்கள்தான் கர்சீஃப் எடுப்பார்கள்.

இரண்டு மூன்று மாசத்துக்கு ஒருமுறை மிருதங்க வேலை செய்பவர் ஒருவர் ரயிலில் வருவார். தோளில் ஒரு பை. பையில் தோல் வட்டங்கள், வார், கல், கட்டை, உளி. திண்ணையில் உட்கார்ந்து நாள் முழுக்க வேலை செய்வார். நான் எடுபிடி. வாரை இழுத்துப் பிடிக்கச் சொல்வார். கறுப்பு மருந்தைத் தோலில் வைத்துக் கல்லால் தேய்க்கும்போது, "மெதுவா, மெதுவா, பூ மாதிரி" என்று என் கையைப் பிடித்துத் தேய்க்கவிடுவார்.

ஒருநாள் நான் புத்திசாலித்தனமாகக் கேட்டேன். "தோலுக்கு நீங்க ஏன் அவ்ளோ தூரம் அலையறீங்க? இங்க ஷாப்புலயே கெடைக்குமே?" அவர் சிரித்தார். "தம்பி, செருப்புத் தோலு பேசாது" என்றார்.

அந்த ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது இந்த வாக்கியம்தான். முப்பது வருஷத்துக்கும் மேலாக எங்கேயோ கிடந்திருக்கிறது.

அதோடு இன்னொன்றும் வந்தது. வேலை முடிந்ததும் சார் மிருதங்கத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். மிருதங்கத்தின் மேல் எங்கள் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கும்பிடச் சொல்வார். அதைச் செய்து கொடுத்தவருக்கு டீ ஒரு தனிக் கண்ணாடி டம்ளரில் போகும். குடித்துவிட்டு அவரே கழுவி ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைப்பார். அடுத்த தடவை வரும்வரை அது அங்கேயே இருக்கும். அவர் திண்ணையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. அந்த வயதில் இதில் கேட்பதற்கு ஏதாவது இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை. தோல் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தெரிந்த பையனுக்கு டம்ளர் ஏன் வெளியே இருக்கிறது என்று கேட்கத் தெரியவில்லை.

ஒரு மிருதங்கத்தில் எத்தனை மாடு

மிருத் என்றால் மண், அங்கம் என்றால் உடல். மிருதங்கம் என்ற பெயருக்குப் பொதுவாகச் சொல்லும் விளக்கம் இது. மண் போய்ப் பலாமரம் வந்து பல காலம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. கவனித்தால், அந்தப் பெயரில் உடல் இருக்கிறது, தோல் இல்லை. தமிழ் மரபு இந்த விஷயத்தில் நேரடியானது. துளைக்கருவி, நரம்புக்கருவி, தோற்கருவி என்று எதனால் சத்தம் வருகிறதோ அதையே பெயராக வைத்துவிட்டது.

அந்தத் தோல் ஒரே தோலும் இல்லை. பசு, ஆடு, எருமை மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு மிருதங்கம். வலது பக்கம் வலந்தலை. அதில் தோல் அடுக்கடுக்காக இருக்கும். மேலே ஓரத்தில் வளையமாகத் தெரிவது மீட்டு, அதற்கு உள்ளே தெரிவது சாப்பு. பசுத்தோலும் ஆட்டுத்தோலும் இந்த அடுக்குகளில் வேலை செய்கின்றன. இடது பக்கம் தொப்பி. அங்கே வெளியே எருமைத் தோல், உள்ளே ஆட்டுத்தோல். இரண்டு தலைகளையும் இழுத்துக் கட்டும் வார் எருமைத் தோல். பசுத்தோலிலும் எல்லாப் பசுவின் தோலும் ஆகாது. மாட்டின் வயது, கன்று போட்டதா, தோலின் எந்தப் பாகம், தடிமன் எவ்வளவு என்று எல்லாம் பார்த்துக் கையால் தடவித்தான் எடுப்பார்கள். இதற்கு மீட்டர் கிடையாது.

வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம் சோறும் கிட்டான் எனப்படும் கறுப்புக்கல் பொடியும் சேர்ந்தது. இரும்பும் மாங்கனீசும் உள்ள கல் அது. பொடியைச் சோற்றோடு பிசைந்து, ஒவ்வொரு படலமாக வைத்து, ஒவ்வொன்றையும் கல்லால் தேய்த்துக் காயவிட்டு அடுத்ததை வைக்க வேண்டும். சாதம் என்றும் மருந்து என்றும் சொல்வார்கள். தோல் அடுக்குகளுக்கு நடுவே ஈர்க்குச்சித் துண்டுகளைச் செருகினால் குச்சி மிருதங்கம், பொடிக்கற்களைப் போட்டால் கப்பி மிருதங்கம். தொப்பியில் கச்சேரிக்கு முன்னால் ரவையைப் பிசைந்து ஒட்டி, முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். என் பையன் ரவை பிசைவதில் எங்கள் வீட்டு அம்மணியை மிஞ்சிவிட்டான்.

ஓயாமல் வாசிப்பவர்களுக்கு வலந்தலை சில மாதம்கூடத் தாங்காது. அதாவது ஒரு வித்வானின் வாழ்க்கை முழுவதற்கும் எத்தனை மாட்டின் தோல் என்று கணக்குப் போட்டால் நிச்சயம் ஒரு மந்தை வரும்.

ஏன் பேசாது?

இப்போது செருப்புத் தோலுக்கு வருவோம்.

தோலின் முக்கியமான சரக்கு கொலாஜன் என்ற புரதம். கயிறு கயிறாகப் பின்னிய நார்கள். செத்த மாட்டின் தோலை அப்படியே விட்டால் அழுகும். இழுத்துக் கட்டி வெயிலில் காயவைத்தால் அழுகாது. ஆனால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி, விறைத்து, தகடு மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் கண்ணாடி மாதிரி ஒளிகூட ஊடுருவும். இதுதான் பச்சைத் தோல். மறுபடி தண்ணீரில் போட்டால் பழையபடி தொளதொளவென்று ஆகி, அழுகவும் ஆரம்பிக்கும்.

தோல் ஷாப்பின் வேலை இதை ஒரேயடியாக மாற்றுவது. சுண்ணாம்பில் போட்டு முடியை எடுத்து, சதையைச் சீவி, பிறகு பட்டைச் சாற்றிலோ குரோமிய உப்பிலோ ஊறவைத்தால், அந்தச் சரக்கு கொலாஜன் நார்களுக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும். இனி தண்ணீர் பட்டாலும் அழுகாது. வெறும் தோல் சுமார் 60, 65 டிகிரி சூட்டிலேயே சுருங்கிவிடும். குரோமில் பதனிட்டது கொதிக்கும் தண்ணீரையே தாங்கும். காய்ந்தாலும் நார்கள் ஒட்டிக்கொள்ளாது. அதனால்தான் ஷூ காலோடு வளைகிறது.

அந்த மெதுமெதுப்புதான் சத்தத்துக்கு எமன். தட்டினால் அதிர்வு பரவ வேண்டும், தங்க வேண்டும். நார்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும் தோலில் அதிர்வு அங்கேயே உராய்ந்து செத்துப்போகும். ஷூவுக்கு எது குணமோ மிருதங்கத்துக்கு அது குறை. பச்சைத் தோல் இழுத்த இழுப்பில் நிற்கும், தட்டினால் திருப்பித் தரும். அதற்கான விலையும் உண்டு: ஏசி ஹாலில் ஒரு சுருதி, மழை நாளில் ஒரு சுருதி. கச்சேரி நடுவே வித்வான் கல்லும் கட்டையும் எடுத்து விளிம்பில் தட்டிக்கொண்டே இருக்கிறாரே, அவர் காற்றின் ஈரத்தோடு சண்டை போடுகிறார்.

நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்துக்கும் ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. சாதாரண வட்டத் தோலைத் தட்டினால் வரும் அதிர்வெண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது; முதலாவது 1 என்றால் அடுத்தது 1.59, அப்புறம் 2.14 என்று கோணலாகப் போகும். அதனால்தான் பெரும்பாலான மேளங்களில் 'தம்' என்ற சத்தம் வருமே தவிர ஸ்வரம் வராது. நடுவில் கனத்தைச் சரியாக ஏற்றினால் அது 1, 2, 3, 4, 5 என்று வீணைத் தந்தி மாதிரி வரிசைக்கு வந்துவிடும். இதை 1920இல் நேச்சர் பத்திரிகையில் சிவகாளி குமாருடன் சேர்ந்து எழுதியவர் சி.வி. ராமன். நோபல் பரிசுக்குப் பத்து வருஷம் முன்னால். 1934இல் இன்னும் விரிவாக ஒரு கட்டுரை எழுதினார். ராமன் விளக்கினார், கண்டுபிடித்தவர்கள் சோற்றையும் கல் பொடியையும் தேய்த்துத் தேய்த்துக் காதால் கேட்டுப் பார்த்தவர்கள். முழவின் முகத்தில் மண் பூசுவது சங்கப் பாடல்களிலேயே வருகிறது. அந்த ஆராய்ச்சிக்கு வயது அவ்வளவு.

பாலாற்றங்கரையின் இரண்டு தோல்

எங்கள் பகுதி பதனிட்ட தோலின் பூமி. வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி ஒரு பெல்ட். 2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தாலும் வாடை பிரியவில்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட பாதித் தோல் ஒருகாலத்தில் சென்னை வழியாக லண்டனுக்குப் போனது. அந்தச் சந்தையில் அதற்கு 'ஈஸ்ட் இண்டியா' தோல் என்றே பெயர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸுக்கு அது தேவைப்பட்டதால், அரசாங்கமே மொத்தமாக வாங்கியது. 1903 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைச் சோதித்தார். 1948இல் அடையாற்றில் சி.எல்.ஆர்.ஐ. வந்தது. எழுபதுகளில் பாதித் தோலை ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு வந்த பிறகு, தோல் இங்கேயே ஷூவாகவும் கையுறையாகவும் மாற ஆரம்பித்தது. வியாபாரம் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்களிடம். சுண்ணாம்புக் குழியில் நின்ற கால்கள் பெரும்பாலும் தலித்துகளுடையவை. இதற்கெல்லாம் பாலாறு கொடுத்த விலையைப் பற்றி 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, இன்று சட்டம் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் படிக்கும் தீர்ப்பு. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அதில் உறுதியாகச் சொன்னார்கள்.

சங்கீதம் என்றால் காவேரி, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் ஊர்க்காரர்களே கேட்பார்கள். ராணிப்பேட்டையை ஒட்டி வாலாஜாபேட்டை இருக்கிறது. நெசவாளர்களான சௌராஷ்டிரர்கள் வாழ்ந்த ஊர். தியாகராஜரின் சீடர் வெங்கடரமண பாகவதர் அய்யம்பேட்டையிலிருந்து வந்து குடியேறியது இங்கேதான். குருவின் கீர்த்தனைகளை அவரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் எழுதி வைத்த சுவடிகளும் நோட்டுகளும் இன்று மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. தியாகராஜரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அந்த மாணவர் நோட்டுகளிலிருந்து வந்தது. மைசூர் சதாசிவ ராவ் வாலாஜாபேட்டை பாகவதரின் மாணவர். பாட்டு கற்கும் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தை ஏன் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டியதில்லை.

மிருதங்கத்துக்கு வேலூர் கொடுத்தவர் வேலூர் ஜி. ராமபத்ரன். 1929இல் பிறந்தவர். அப்பா கோபாலாச்சாரி கொன்னக்கோல் வித்வான், அவர்தான் முதல் குரு. வாயால் சொல்லும் சொற்கட்டு வீட்டிலேயே ஓடிக்கொண்டிருந்த குழந்தைப் பருவம். செம்மங்குடி, ஜி.என்.பி. போன்ற பெரியவர்களுக்கு வாசித்தவர். பாட்டை அமுக்காமல், அதட்டாமல், பாடுபவரின் கூடவே நடந்து போகிற மாதிரி வாசிப்பு. தொப்பியின் கும்கி அவர் கையில் அவ்வளவு இதமாக இருக்கும். 2004இல் சங்கீத கலாநிதி, 2012இல் மறைந்தார். எங்கள் சார் கேசட் போட்டு எங்களைக் கேட்கவைத்தவர்களில் அவரும் ஒருவர். "எங்க அடிக்கலன்னு கவனிடா" என்பார் சார். அது அப்போது புரியவில்லை. போன மார்கழியில் கொஞ்சம் புரிந்தது.

ஏணி

படிக்கப் படிக்க எனக்கு ஒரு ஏணி தெரிய ஆரம்பித்தது.

மேல் படியில் பாடுபவர். மியூசிக் அகாடமி 1928இல் தொடங்கியது. அங்கே ஒரு மிருதங்க வித்வானுக்கு முதன்முதலாகச் சங்கீத கலாநிதி கிடைத்தது 1966இல், பாலக்காடு மணி ஐயருக்கு. மிருதங்கம் இல்லாமல் ஒரு கச்சேரியும் நடக்காத இடத்தில் அதற்கு அத்தனை வருஷம் ஆயிற்று. பக்கவாத்தியம் என்ற வார்த்தையிலேயே அந்தப் படி இருக்கிறது. அந்த வருத்தத்தை மிருதங்கக்காரர்கள் பல காலமாகச் சொல்லியிருக்கிறார்கள், நியாயமாகவே.

அவர்களுக்கும் கீழே ஒரு படி இருந்ததை எழுதியவர் ஒரு பாடகர். டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வந்தது. பிறகு தமிழிலும் வந்தது. தஞ்சாவூர் செபாஸ்டியனின் வழிவந்த குடும்பங்கள், அவர்களில் பெரும்பாலானோர் தலித் கிறிஸ்தவர்கள், பல தலைமுறையாக மிருதங்கம் செய்த கதை. மணி ஐயரின் நாதம் என்று நாம் கொண்டாடுவதில் அவருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்துவின் பங்கு எவ்வளவு என்று அதில் படிக்கலாம். வித்வான் "இன்னும் கொஞ்சம் கணீர்னு வேணும்" என்பார். அந்தக் 'கணீர்' எந்த மாட்டின் எந்தப் பக்கத் தோலில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது செய்பவரின் வேலை. அதை ஆராய்ச்சி என்று யாரும் சொல்லவில்லை, ரிப்பேர் என்று சொன்னார்கள்.

அந்தப் புத்தகத்தின் வெளியீட்டு விழாவுக்கு கலாக்ஷேத்ராவில் கொடுத்திருந்த அரங்க அனுமதி, பசுத்தோல் பற்றிய ஒரு பகுதி பத்திரிகையில் வந்த பிறகு ரத்தானது. விழா தரமணியில் உள்ள ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் நடந்தது. மேடையில் பசுத்தோல் இருக்கலாம், பசுத்தோல் என்ற சொல்தான் சிக்கல்.

இதில் 'அவர்கள்' என்று விரல் நீட்ட எனக்கு உரிமை இல்லை. ஜன்னல் திட்டு டம்ளரைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்து தா, தீ, தொம், நம் சொன்னவன் நான். என் சாரைக் குறை சொல்வதும் எனக்கு எளிதாக இல்லை. ஃபீஸ் கொடுக்க முடியாத இரண்டு பசங்களுக்கு அவர் கடைசிவரை சும்மாதான் சொல்லிக்கொடுத்தார். நல்லவர். நல்லவர் வீட்டில்தான் அந்த டம்ளரும் இருந்தது.

ஆம்பூரில் அதே பச்சைத் தோலில் இன்னொரு வாத்தியமும் உண்டு. சாவு வீட்டுக்கு முன்னால் வைக்கோலைக் கொளுத்திப் பறையை வாட்டுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். மிருதங்க வித்வான் கல்லால் தட்டுவதும், பறையடிப்பவர் நெருப்பில் வாட்டுவதும் ஒரே காரணத்துக்காக: காற்றின் ஈரத்தில் தளர்ந்த தோலை விறைப்பாக்க. இயற்பியல் ஒன்றுதான். ஒன்றைத் தொட்டுக் கும்பிடச் சொன்னார்கள், இன்னொன்று கேட்டால் ஜன்னலைச் சாத்தச் சொன்னார்கள்.

இனிமேல்?

மாற்றங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கஞ்சிராவை எடுத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த வாத்தியம்; தோல் உடும்புடையது. உடும்பு இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு உள்ள பிராணி, பிடித்தால் ஜெயில். அதனால் ஆட்டுத்தோலிலும் செயற்கைத் தோலிலும் கஞ்சிரா வருகிறது. மிருதங்கத்திலும் வாருக்குப் பதில் நட்டு போல்ட்டு, மரத்துக்குப் பதில் ஃபைபர், தோலுக்குப் பதில் செயற்கைப் படலம் என்று பெங்களூரில் ஒரு பொறியாளரே செய்து பார்த்திருக்கிறார். பயணத்துக்குச் சௌகரியம், சுருதியும் இறங்காது. மாட்டைக் கொல்ல வேண்டாம் என்பவர்களுக்கும் நிம்மதி. பொறியாளனாக எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் தோல் போனால் கூடவே தோலைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்ட அந்த விரல்களும் போய்விடும். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் அந்த வேலைக்கு வர வேண்டும் என்று சொல்ல நான் யார்? அவர்கள் படித்து வேறு வேலைக்குப் போவது நல்லதுதான். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கிறது, எனக்கு இதற்கு ஒரு முடிவு கிடைக்கவில்லை.

கொரோனா சமயத்தில் பையனின் க்ளாஸ் லேப்டாப்பில்தான் நடந்தது. முதல் வாரம் அவன் வாசிப்பது வாத்தியாருக்குக் கேட்கவே இல்லை. கை ஆடுகிறது, சத்தம் வரவில்லை. மைக் நன்றாகத்தான் இருந்தது. வீடியோ கால் மென்பொருள் மனிதக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை இரைச்சல் என்று நீக்கிவிடும்; மிருதங்கத்தை அது மிக்ஸி சத்தத்தோடு சேர்த்துவிட்டது. செட்டிங்கில் போய் அந்த வடிகட்டியை அணைத்ததும் சரியாயிற்று. அன்று அதைச் சிரிப்பாக ஆபீஸில் சொல்லிக்கொண்டிருந்தேன். எது சங்கீதம், எது இரைச்சல் என்று எங்கோ ஒருவர் ஏற்கெனவே முடிவு செய்துவைத்திருப்பது மென்பொருளில் மட்டும் நடப்பதில்லை என்று இப்போது தோன்றுகிறது.

போன மாசம் வலந்தலை மாற்ற வேண்டியிருந்தது. எப்போதும் நான் மட்டும் போய்க் கொடுத்துவிட்டு வருவேன். இந்தத் தடவை பையனையும் கூட்டிக்கொண்டு போனேன். சின்னக் கடை. தரையில் உட்கார்ந்து ஒரு பெரியவர் மருந்து தேய்த்துக்கொண்டிருந்தார். பையன் நேராகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். "தாத்தா, இது ஆம்பூர்த் தோலா?" என்றான்.

"ஷாப்புத் தோலா? அது ஆவாது கண்ணு," என்றார். ஒரு காய்ந்த தோல் வட்டத்தை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஓரமாகச் சுண்டினார். 'டிங்' என்றது. என் பெல்ட்டைக் காட்டி, "அதைச் சுண்டிப் பாரு" என்றார். பையன் சுண்டினான். 'தொப்' என்றுகூட வரவில்லை. நான் கொலாஜன், குரோமியம் என்று மேலே இரண்டு பக்கம் எழுதியதை அவர் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

கிளம்பும்போது பையன் அவர் பெயரைக் கேட்டு, தன் பாட நோட்டின் முதல் பக்கத்தில், வாத்தியார் பெயருக்குக் கீழே எழுதிக்கொண்டான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் என் பழைய நோட்டை அம்மா வீட்டுப் பரணிலிருந்து எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, சார் பெயர், தேதி. திண்ணையில் உட்கார்ந்தவரின் பெயர் அதில் எங்கேயும் இல்லை. சார் அவரை "ஏம்ப்பா" என்றுதான் கூப்பிடுவார்; நான் கேட்டுக்கொள்ளவில்லை.